இறக்கை வைத்த காரில் பெண் பார்க்கப் போனது

எண்பதுகளில் எங்கள் பெரியப்பாவிடம், ஒரு காருக்கு மிடுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "தலப்பா கழட்டாம உள்ள உக்காரணும். அதான் காரு" என்பார். புதிதாக வந்திருந்த சின்னக் கார்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சத்தமே இல்லாமல் வருகின்றன என்று நான் மெச்சினால், "வந்ததே தெரியலன்னா எதுக்குடா வரணும்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

என் கணக்கு வேறு. நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். அப்படி ஒன்று தருமபுரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த என் நண்பனிடம் இருந்தது. பழைய அமெரிக்கக் கார். வானநீலம். பின்பக்கம் இரண்டு இறக்கை, முன்பக்கம் பல் தெரியச் சிரிக்கிற மூஞ்சி. ஓடியதைவிட அது நின்றதுதான் அதிகம். பானட்டில் கையை ஊன்றி, கறுப்புக் கண்ணாடி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சுற்றுப்பட்டு ஜனம் முழுக்க வரும். கண்ணாடியும் அவனே கொடுப்பான்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். தீர்த்தமலையில் ஒருமுறை தூரத்தில் பார்த்ததற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் அமைந்தே தீர வேண்டும். அவர்கள் வசதியான தக்காளி விவசாயிகள், நாங்கள் மழையை நம்பிப் பிழைப்பவர்கள். அதனால் பெரியப்பா, "நம்ம கார்லயே வந்துடறோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நண்பனிடம் கெஞ்சி இறக்கைக் காரை வாங்கி, நானே ஓட்டிப் போனேன்.

ஊரே கூடிவிட்டது. ஒருவர் இறக்கையைத் தடவி, "இது பறக்குங்களா?" என்றார்.

"ரோடு நல்லா இருந்தா பறக்காதுங்க" என்றார் பெரியப்பா.

உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்தேன். சுவரில் சட்டம் போட்ட படம். கறுப்புக் கண்ணாடியோடு பெண்ணின் அப்பா. அவர் கை ஊன்றியிருந்த பானட்டுக்குக் கீழே, நாங்கள் வந்த காரின் அதே பல் தெரிந்த சிரிப்பு.

அவர்களுடைய பங்காளி ஒருவர் பெருமையாக ஆரம்பித்தார்: "படத்தப் பாத்தீங்களா? எங்கண்ணனும் இதே மாதிரி வண்டி வெச்சிருந்தாருங்க. கெணறு வெட்டறப்ப வித்துட்டாரு."

பெரியப்பா படத்தைப் பார்த்தார். பெண்ணின் அப்பா வாசல் வழியாகக் காரைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ராசியான வண்டிங்க" என்றார் பெரியப்பா, மெதுவாக.

"ஆமாங்க. யாரு கைக்குப் போனாலும் நல்லா இருக்கட்டும்னுதான் குடுத்தேன்."

அதற்குமேல் இருவரும் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

பெண் காப்பி கொண்டுவந்தாள். அப்பா ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்ட அன்றைக்கு அவளும் கூடப் போயிருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியாது. தம்ளரை நீட்டும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்தப் பின்கதவு இப்பவாச்சும் சாத்துதுங்களா?" என்றாள்.

"கயித்துல கட்டியிருக்குதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் உள்ளே போனதும் அடுப்படியில் சிரிப்புச் சத்தம். போச்சு என்று நான் வேட்டியைச் சரி செய்துகொண்டேன், எழுந்திருக்க.

பெண்ணின் அம்மா வந்து பெரியப்பாவின் பக்கம் குனிந்தார். "பாப்பாவுக்குச் சம்மதமாங்க. கண்ணாலத்துக்கு மட்டும் பஸ்ஸுலயே வந்துருவீங்களாம்."