நரம்பு இல்லை, ரத்தக் குழாய்

அதை முதலில் பார்த்தது என் மனைவிதான். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆற்றில் தண்ணீர் வந்திருந்ததால் இருவரும் துணி துவைக்கப் போயிருந்தோம். நான் குளித்துவிட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். துணி பிழிந்துகொண்டிருந்தவள் என் இடது காலின் பின்பக்கத்தையே பார்த்தாள்.

"இன்னாங்க இது, கால்ல மண்புழு ஊர்றாப்ல கீது?"

திரும்பிப் பார்த்தேன். தன் கெண்டைக்காலைத் தானே பார்ப்பது அத்தனை சுலபமாக இல்லை. கையால் தடவிப் பார்த்தேன். முழங்கால் மடிப்பில் தொடங்கி கணுக்கால் பக்கம்வரை ஏதோ ஒன்று வளைந்து வளைந்து போனது. அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. விரலை எடுத்தால் மறுபடி புடைத்தது. வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாயங்காலமானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும். வேலை செய்கிற எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. காலை ஆறு மணிக்குத் தாமிரக் கொப்பரைக்கு முன்னால் நின்றால் மாலைவரை நிற்க வேண்டியதுதான். கீழே அடுப்பு எரியும். மூங்கில் கழியில் மாட்டிய நூலைச் சாயத் தண்ணீரில் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் ஓரிடத்தில் நிறம் ஏறி ஓரிடத்தில் ஏறாமல் போய்விடும். அதனால் உட்காரவும் முடியாது, அந்தண்டை இந்தண்டை போகவும் முடியாது. தரையெல்லாம் சுடுதண்ணீர். பதினாறு வருடங்களாக என் கால்கள் அந்த ஈரத்தில்தான் நின்றிருந்தன.

மறுநாள் பட்டறையில் கூட வேலை செய்தவரிடம் காலைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு உடனே சொன்னார். "நரம்பு சுருட்டிக்கினு கீது. நரம்பு டாக்டர்கிட்ட காட்டு."

நரம்பு டாக்டருக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நரம்புக் கோளாறுகளுக்குக் கைகண்ட மருத்துவர், மாதம் இருமுறை இன்ன லாட்ஜில் தங்குகிறார் என்று போட்டிருந்தது. அந்த நோட்டீஸில் வேறு சில வார்த்தைகளும் இருந்தன. என் கண்ணில் நரம்பு என்ற சொல் மட்டும்தான் பட்டது. புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

மாடி அறையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் வந்திருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்தபடி இருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பெரிய டாக்டர், அதனால் மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு வருஷமா இருக்கும்ங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

காலுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. "பத்து வருஷம் ஆச்சுங்க. ரெண்டு பசங்க" என்றேன்.

"தளர்ச்சி எப்ப தெரியுது?"

"சாயந்திரம் ஆனா தெரியுதுங்க. படுத்துட்டா சரியாப்பூடுது. நின்னாத்தான் தொல்லை."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் காலைக் காட்டலாம் என்று எழுந்து வேட்டியைத் தூக்கினேன். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "காட்ட வேணாம், காட்ட வேணாம். உக்காரு. இதெல்லாம் நிறைய பேருக்கு இருக்கு. வெக்கப்படாதே."

எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. காகிதம் சுற்றிய ஒரு லேகிய பாட்டிலும் ஒரு தைலமும் கொடுத்தார். "காலுக்குத்தான் தடவணுமா?" என்று கேட்டேன். "நரம்பு உடம்பு பூரா ஒண்ணுதான். எங்க வேணா தடவு. நல்லா அழுத்தித் தேய்" என்றார்.

அன்று முதல் என் மனைவி தினமும் சாயங்காலம் கட்டை விரல்களால் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டாள். லேகியத்தைச் சோற்றுக்கு முன்னால் ஓர் உருண்டை சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது.

நான்காம் நாள் பட்டறையில் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "இன்னாப்பா, ரெண்டு புள்ள பெத்துட்ட. இன்னும் உனுக்கு இன்னா கொறை?" என்றார்.

"நின்னுகினே கீறேன் இல்லீங்களா, அதான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, உடம்ப பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் கொப்பரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். ஏன் என்று விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் தைலத்தை எடுத்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கிட்ட இன்னா கொறைன்னு அந்த லாட்ஜுக்குப் போனீங்க? நீங்க மாடி ஏறினத யாரோ பாத்துட்டாங்களாம், பக்கத்து வூட்டம்மா கேக்கறா. நான் இன்னான்னு சொல்வேன்?"

"கால் நரம்புக்குத்தானே போனேன்? நீதானே மண்புழு ஊர்றாப்ல கீதுன்ன?"

"இந்த லேகியம் கால் நரம்புக்கா?"

பாட்டிலைச் சுற்றியிருந்த காகிதத்தை அவள் பிரித்து வைத்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தாதுபுஷ்டி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்ததை உரக்கப் படிக்க முடியாது. லாட்ஜ் டாக்டர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் சொன்ன பதில்களும் வந்தன. படுத்தால் சரியாகிவிடுகிறது என்றேனே. அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. வேட்டியைத் தூக்கியதையும் அவர் பதறியதையும் சொன்னபோது அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. அப்புறமும் முழுக்க நம்பினாளா என்று தெரியாது. தெரு நம்பவில்லை. அது நிச்சயம்.

தைலத்தை மட்டும் விட வேண்டாம் என்று இரண்டு நாள் தொடர்ந்தோம். ஆறாம் நாள் கெண்டைக்காலில் அந்தப் புடைப்பு கயிறு போலக் கெட்டியாகி, மேலே சிவந்து, தொட்டால் சுட்டது. நடந்தால் சுருக்கென்று குத்தியது. என் மனைவி என்னை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை தனியாக விடமாட்டேன் என்று சொல்லி அறைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். சின்ன வயது. என் காலைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். முழங்கால்வரை ஊதாவும் அரக்குமாகச் சாயம் ஏறியிருந்த கால் அது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தார். பஞ்சு கொஞ்சம் சிவந்ததே தவிர கால் மாறவில்லை.

"இதுல எது சாயம், எது நோவு?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. என் மனைவிதான் விரலை வைத்துக் காட்டினாள்.

என்னைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார். கெட்டிப்பட்ட இடம் தவிர மற்ற புடைப்பெல்லாம் மறைந்துபோனது. என் மனைவி, "போயிடுச்சுங்க" என்றாள். எனக்கும் குணமாகிவிட்டது என்றே தோன்றியது. எழுந்து நிற்கச் சொன்னார். நின்றதும் எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

"இது நரம்பு இல்ல, ரத்தக் குழாய்" என்றார் டாக்டர். "கால்ல இருந்து ரத்தம் மேல போகணும். வழியில சின்னச் சின்னக் கதவு மாதிரி இருக்கும். மேல போக விடும், கீழ திரும்பி வர விடாது. அந்தக் கதவு கெட்டுப்போச்சுன்னா ரத்தம் கீழயே தங்கி குழாய் வீங்கிடும். இனிமே யாரும் தேய்க்கக் கூடாது."

எனக்குப் புரிந்தது போல இருந்தது. அப்போது ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் என் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பு கிடைக்கல டாக்டர்" என்றாள்.

நான் டாக்டரைப் பார்த்தேன். "அம்மா, நரம்பு இல்லன்னீங்களே. அவங்க நரம்புங்கறாங்களே."

டாக்டர் சிரித்துவிட்டார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். நானும் சொல்லுவேன்" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். அது தணிந்த பிறகு, இழுத்தால் நீளும் ஒரு பட்டித்துணியை நர்ஸ் சுற்றிக் காட்டினாள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே பாதத்திலிருந்து ஆரம்பித்து முழங்கால்வரை சுற்ற வேண்டும். கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. படுக்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை. நிற்கக் கூடாது. ஆனால் நடக்க வேண்டும்.

"நடக்கறதும் நின்னுகினு பண்றதுதானேங்க?" என்று கேட்டேன். நடந்தால் கெண்டைக்கால் தசை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும், சும்மா நின்றால் தள்ளாது என்றார் டாக்டர். நின்றுகொண்டே செய்கிற வேலை, நடக்கச் சொல்லும் வைத்தியம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பட்டித்துணியோடு பட்டறைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் நனைந்து ஊறிவிட்டது. மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினேன், வியர்வையில் அரித்தது. தாளை மட்டும் எடுத்துவிட்டேன். அன்று கொப்பரையில் அரக்கு நிறம். சாயங்காலம் முதலாளி என் காலில் சிவந்துபோயிருந்த கட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாப்பா இது, இவ்ளோ ரத்தம்?"

"சாயம்ங்க" என்றேன். அவர் நம்பாமல் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அப்படியும் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் என்னைக் கொப்பரையிலிருந்து எடுத்து, நூல் காயவைக்கும் கொல்லைக்கு மாற்றிவிட்டார். ஈர நூலைக் கழியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவது, உதறி மாட்டுவது, திருப்பிப்போடுவது. நாள் முழுக்க நடை. கூலி குறையவில்லை. அது என் கால்மேல் இருந்த இரக்கமா, லாட்ஜுக்குப் போனவன்மேல் இருந்த இரக்கமா என்று நான் கேட்கவில்லை.

கனம் குறைந்தது. புடைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த வருடம் டாக்டர் வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் செய்யலாம், இல்லாவிட்டால் ஊசி போட்டுக் குழாயை மூடலாம், எதுவென்றாலும் பிற்பாடு மறுபடி வர இடம் உண்டு என்றார். மறுபடி வருவதற்கு எதற்கு வைத்தியம் என்று வழியெல்லாம் பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொண்டு போனோம். கத்தி வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே எண்ணம்.

வேலூர் டாக்டர் என்னை நிற்கவைத்துக் காலில் பேனாவால் நான்கு இடத்தில் குறி போட்டார். படுக்கவைத்து ஒவ்வொரு குறியிலும் மெல்லிய ஊசியால் மருந்தை ஏற்றினார். கொஞ்சம் எரிந்தது. ஊசி போட்ட இடங்களில் பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். இனி இரண்டு நாளாவது படுக்கவைப்பார்கள் என்று என் மனைவி போர்வையெல்லாம் கொண்டு வந்திருந்தாள்.

"எழுந்து நடங்க. அரை மணி நேரம் விடாம நடங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்து சொன்னதும் அவள் நின்றுவிட்டாள். "ஊசி போட்டா படுக்கத்தான் சொல்வாங்க. நீங்க சரியா கேட்டீங்களா? இன்னொரு வாட்டி போய் கேட்டுகினு வாங்க."

என் காதை நம்ப அவளுக்குக் காரணம் இல்லைதான். உள்ளே போய்க் கேட்டேன். நடக்கத்தான் சொன்னேன் என்றார். போர்வை மூட்டையை அவள் தூக்கிக்கொள்ள, அந்தத் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருவரும் நடந்தோம். தெரு நாய் ஒன்று இரண்டு சுற்று கூடவே வந்தது.

மூன்று வாரம் கட்டைப் பிரிக்கவில்லை. பிரித்தபோது புடைப்பு இருந்த வழியில் கெட்டியான தடிப்பும் பழுப்புக் கோடும் இருந்தன. கெட்டுவிட்டது என்று பயந்தேன். மருந்து வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும், கரைய மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். கரைந்தது. பழுப்பு மட்டும் வருடக்கணக்கில் போகவில்லை.

எதனால் சரியானது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தலையணைதான் என்பாள் மனைவி. கொல்லை வேலைதான் என்றார் முதலாளி. பட்டித்துணியை விடாமல் கட்டினதால் என்றார் ஆரணி டாக்டர். வேலூர் டாக்டர் தான் ஊசி போட்ட இடங்களைப் பார்த்து, "நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார். நான் நால்வரிடமும் ஆமாம் என்றேன்.

எண்பதுகளின் நடுவில் வலது காலிலும் லேசாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்குள் அந்தப் பெண் டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பட்டித்துணி வேண்டாம், காலுறை மாதிரி இறுக்கமாக ஒன்று வருகிறது, அதைப் போடு என்றார். வேலூரில் காலை அளந்து வாங்கி வந்தோம். முதல் நாள் காலை கட்டிலில் உட்கார்ந்து அதை ஏற்றப் பார்த்தேன். குதிகாலைத் தாண்டவில்லை. என் மனைவி எதிரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தாள். குதிகால் இருக்க வேண்டிய இடம் முன்பக்கம் வந்துவிட்டது. கழற்றினோம். பவுடர் போட்டு மறுபடி இழுத்தோம். அவள் என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அது ஏறி முடிந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. பட்டறைக்கு அன்று அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனேன்.