வலப்பக்கக் கதவு

குணவதியின் படுக்கையறையில் இருந்த அலமாரிக்கு இரண்டு கதவுகள். இடப்பக்கக் கதவில் தேக்கின் ரேகை மேலிருந்து தீ நாக்குப் போல இறங்கி, நடுவில் ஒரு கணுவைச் சுற்றிக்கொண்டு கீழே போகும். வலப்பக்கக் கதவு வெறும் ப்ளைவுட். பன்னிரண்டு வருஷமாக அப்படியேதான் நின்றது. ரைபிள் ரேஞ்ச் என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த வீட்டுக்கு வந்துபோனவர்கள் முதலில் ஏன் என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்கள்.

அலமாரியைச் செய்தவர் அவள் புருஷன். கார்த்திகேசு என்று பேர். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு பட்டறையில் மர வேலை. சாதாரணப் பலகையில் கூடு அடித்து, அதன்மேல் தாள் கனத்துக்குச் சீவிய தேக்குத் தோலை ஒட்டுவதில் கெட்டிக்காரர். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தோல்களைப் புத்தகம் விரித்த மாதிரி எதிரெதிரே ஒட்டுவார். இடது கதவில் என்ன இருக்கிறதோ அது வலது கதவில் கண்ணாடிக்குள் தெரிவது போலத் திரும்பி நிற்கும். சொந்த வீட்டு அலமாரியையும் அப்படித்தான் ஆரம்பித்தார். முதல் தோல் ஒட்டியாயிற்று. இரண்டாவது, விரிக்கும்போதே நீளவாக்கில் பிளந்துவிட்டது.

"அதே கட்டையோட அடுத்த தோலு ஹாட்யாய்ல வியாபாரிகிட்ட கெடக்கு. எடுத்துகிட்டு ரெண்டு நாள்ல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு 1982இல் ஒரு காலையில் சயாம் பஸ் ஏறினார். வரவில்லை.

அவர் தம்பி பக்கிரிசாமியும் அதே பட்டறையில் வேலை செய்தவர்தான். எல்லை தாண்டிப் போய்த் தேடினார். அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்று வியாபாரி சொன்னானாம். போலீஸும் விசாரித்துவிட்டு ஓய்ந்தது. ஆற்றில் விழுந்திருப்பார் என்றார்கள் சிலர். வழியில் அடித்துப் போட்டிருப்பார்கள் என்றார்கள் சிலர். குணவதி நெற்றிப் பொட்டை வைக்கவும் கூசினாள், அழிக்கவும் கூசினாள். வைத்துக்கொண்டே இருந்தாள்.

போனவர் வீட்டை விட்டுப் போகவில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில், மழை ஈரம் ஏறும்போது, அலமாரியிலிருந்து ஒரு சத்தம் வரும். மரம் முறுக்கேறும் சத்தம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவளுக்கு அது உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும் சத்தம். ஒட்டிய தோலுக்கடியில் காற்று நிற்காமலிருக்க அவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போவார், அதே சத்தம். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பாள். வெறும் ப்ளைவுட் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கு முகம் காட்டிப் படுக்க முடியவில்லை, முதுகு காட்டியும் படுக்க முடியவில்லை. மகள் நவமணி வளர்ந்து, ஒரு தடவை அந்தக் கதவில் காலண்டர் ஒன்றை மாட்டினாள். மறுநாள் அது கீழே கிடந்தது. ஆணி சரியாக இறங்கவில்லை என்றாள் குணவதி. நவமணி அதற்கப்புறம் தலைவாருவதைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் சலேஹா மூலமாகத்தான் பாலிமர் களிமண் அந்த வீட்டுக்குள் வந்தது. சலேஹா சமூக மண்டபத்து வகுப்பில் அதில் ரோஜாப் பூ செய்யக் கற்றுக்கொண்டு வந்தாள். குணவதிக்குப் பூ வரவில்லை. மரம்தான் வந்தது. மாவு போலப் பிசைந்து சுட்டால் இறுகுகிற அந்தப் பொருளில் தேக்கு, நாங்கா என்கிற பலா, ரப்பர் மரம் என்று அச்சாகக் கொண்டுவந்தாள். பேர்ப்பலகை, சின்னப் பெட்டி, படச்சட்டம் எல்லாம் அதை ஒட்டிச் செய்து கொம்தார் கட்டடத்தில் ஒரு பரிசுக் கடைக்குக் கொடுத்தாள். தொட்டுப் பார்த்தால் ஒழிய மரமில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தொண்ணூற்று நான்கில் நவமணிக்கு நிபோங் திபாலிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பிடித்துவிட்டது, நவமணிக்கும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. பக்கிரிசாமி பெர்ரியில் கடல் தாண்டி வந்து அதைக் கேட்டார்.

"அண்ணி, கார்டுல அண்ணன் பேருக்கு முன்னால என்னா போடுறது? அவங்க கேக்குறாங்க லா."

"பேரு மட்டும் போடுங்க தம்பி."

"பேரு மட்டும் போட்டா ஆளு எங்கன்னு மண்டபத்துல தேடுவாங்க. காலஞ்சென்றன்னு போட்டா எப்ப காரியம் பண்ணீங்கன்னு கேப்பாங்க. பன்னெண்டு வருஷம் ஆச்சி. தர்ப்பையில உருவம் செஞ்சி எரிச்சிடலாம்னு ஐயரே சொல்றாரு."

"உயிரோட இருந்தா?"

"இருந்தா வந்திருக்க மாட்டாரா?" பக்கிரிசாமி தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

உயிரோடு இருக்கிறவரைக் கொளுத்துவதா? செத்தவரை இன்னும் வாசலில் நிறுத்தி வைத்திருப்பதா? யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவரை அனுப்பினாள்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

"அம்மா, அந்தக் கதவ ஏதாச்சும் பண்ணு லா. பொம்பளைங்க ரூமுக்குள்ளல்லாம் வருவாங்க. துணியாவது போடு" என்றாள் நவமணி.

"துணி போட்டா தூக்கிப் பாப்பாங்கடி."

தச்சர் ஒருவர் வந்து பார்த்தார். இதற்கு ஜோடி எங்கும் கிடைக்காது, இரண்டு கதவையும் உரித்துவிட்டுப் புதுசு ஒட்டித் தருகிறேன் என்றார். இடது கதவில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டுத்தான் குணவதி களிமண்ணை எடுத்தாள்.

இடது கதவின் ரேகையை மெல்லிய தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டாள். வெள்ளை, மஞ்சள், காவி, கரும்பழுப்பு நான்கையும் திரித்துக் கயிறாக்கி, மடித்து, மறுபடி இழுத்தாள். முழுசாகக் கலந்துவிட்டால் மரம் செத்துப்போகும். கலந்தும் கலக்காமலும் நிறுத்த வேண்டும். கண்ணாடி போத்தலால் ரேகை போகும் திசையில் மட்டும் உருட்டினாள். கணுவுக்குக் கரும்பழுப்பைச் சுருட்டி, வெளுத்த வரிகளால் சுற்றிப் பதித்தாள். கேக் சுடுகிற அடுப்பு சின்னது. அதனால் கையகலப் பட்டைகளாக வெட்டி, இரண்டு ஓடுகளுக்கு நடுவே தாள் வைத்துச் சுட்டாள். வெந்த பட்டை தோல் வார் மாதிரி வளைந்தது. கரும் சாயம் பூசித் துடைத்து, ஈர உப்புத்தாளால் தேய்த்து, பட்டைகள் சேரும் இடங்களை ரேகைக்குள்ளேயே ஒளித்தாள்.

ஒட்டியது ஒரு பின்னேரம். பசையைக் கதவிலும் பட்டையிலும் தடவி, பிசுபிசுப்புப் போகும்வரை காத்திருந்தாள். வேலை விட்டு வந்த நவமணி வாசல் இரும்புக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா… அப்பா வாசன வருது."

"பசைதான். உள்ள வா."

அவள் உள்ளே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

குணவதி கடைசிப் பட்டையை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். அதே சத்தம். இத்தனை வருஷமாகக் கேட்ட அதே சத்தம், இப்போது தன் கைக்கடியில். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். இரண்டு கதவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு நிமிஷம் எது அவர் ஒட்டியது, எது தான் ஒட்டியது என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று விளக்கு வைத்த பிறகு அலமாரி சத்தம் போடவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி வந்தார். மாப்பிள்ளை வீட்டார் வருமுன் மாட்டிவிட, படுக்கையறைக்குப் புது லைட் வாங்கி வந்திருந்தார். நவமணி பசாருக்குப் போயிருந்தாள். குணவதி அடுக்களையில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் உள்ளே போவது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் திரும்பியபோது அவர் அடுக்களை வாசலில் நின்றார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"அண்ணி, அண்ணன் எப்ப வந்துச்சி?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவரும் மர வேலைக்காரர். அந்தக் கதவுக்கு ஜோடித் தோல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதைக் கொண்டுவரக்கூடிய ஆளும் ஒருவர்தான் என்று அவருக்குத் தெரியும்.

"வரவே மாட்டேன்னுதான எங்கிட்ட சொல்லுச்சி!" என்றார் பக்கிரிசாமி.

குணவதி அடுப்பை அணைத்தாள்.

"எப்ப சொன்னாரு?"

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு தரையிலேயே உட்கார்ந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டறைக்கு மரம் பார்க்க ஹாட்யாய் போனாராம். அங்கே ஒரு நாற்காலிக் கடையில் அண்ணன் இருந்தாராம். சயாம்காரப் பெண் ஒருத்தியும் இரண்டு பிள்ளைகளும். "செத்துட்டேன்னு சொல்லிடுடா, அதுதான் அவளுக்கு நல்லதுன்னு சொல்லுச்சி அண்ணி. எனக்கும் வேற வழி தெரியல."

"நல்லா இருக்காரா?"

"தலையெல்லாம் வெளுத்துப் போச்சி."

அவள் அவரைப் படுக்கையறைக்கு அழைத்துப் போய், வலது கதவில் நகத்தால் தட்டினாள். மந்தமாகக் கேட்டது.

"இது மரம் இல்ல தம்பி. நான் பிசைஞ்சி சுட்டது."

பக்கிரிசாமி இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார். அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கார்டுல பேரு மட்டும் போட்டுருவோம் அண்ணி. எரிக்கிறது கிரிக்கிறது ஒன்னும் வேணாம்" என்றார்.

"காலஞ்சென்றன்னே போடுங்க. ஐயருக்கும் சொல்லிடுங்க."

"உயிரோட இருக்கிற ஆளுக்கா அண்ணி?"

"அவரு கேட்டதுதான அது?"

"நவமணிக்கு?"

"அவகிட்ட நான் சொல்லுவேன். கல்யாணம் முடியட்டும்."

காரியம் கடற்கரையில் நடந்தது. பெண்கள் வரக்கூடாது என்று ஐயர் சொல்லியும் குணவதி போய்க் கொஞ்சம் தள்ளி நின்றாள். தர்ப்பையில் கையும் காலும் தலையுமாக ஒரு ஆள் மணலில் படுத்திருந்தது. கொள்ளி வைக்கப் பக்கிரிசாமி நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். இறந்தவர் பேரைச் சொல்லுங்கள் என்றார் ஐயர். பக்கிரிசாமியின் வாய் திறந்தது, பேர் வரவில்லை. ஐயர் மறுபடி கேட்டார். அவர் கடலைப் பார்த்தார்.

புருஷன் பேரைக் குணவதி வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. போலீஸ் நிலையத்தில்கூட, அவளுக்காகப் பக்கிரிசாமிதான் சொன்னார்.

"கார்த்திகேசு" என்றாள்.

அலைச் சத்தத்தில் ஐயருக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

குணவதி இன்னும் இரண்டடி முன்னால் வந்து, சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அந்தப் பேரை மறுபடியும் சொன்னாள்.