முருகன் என்னைத் தடுக்கவில்லை

பினாங்குப் பாலம் திறந்த வருஷம், என் கால் கோயில் வாசலில் நின்றுபோனது.

அதற்குச் சில வருஷம் முன்பே எனக்கு நடுக்குவாதம். பார்க்கின்சன் என்றார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை, தேத்தண்ணிக் கிளாஸைப் பிடிக்க முடியாமல் ஆடியது. மாத்திரை கொடுத்தார்கள். அடங்கியது. முருகன் காப்பாற்றினான் என்று இருந்தேன்.

பிறகு மாத்திரையின் வேகம் மத்தியானத்தோடு தீர ஆரம்பித்தது. சாயங்காலம் உடம்பு கட்டை மாதிரி ஆகிவிடும்.

கார்த்திகைத் தீபத்தன்று சாயங்காலப் பூஜைக்குப் போனேன். வலது காலை எடுத்து வைத்து வாசற்படியைத் தாண்ட வேண்டும். கால் வரவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் கூட்டம்.

"என்னண்ணே, பாலத்துல டோல் கட்டுற மாதிரி நிக்கிறீங்க? ஜாலான்லா, நடங்க!" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி பாக்கியம் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிவந்தாள்.

அடுத்த வெள்ளியும் அதேதான். என்னை உள்ளே விட முருகனுக்கு இஷ்டமில்லை என்று முடிவு செய்தேன். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். டாக்டரிடமும் சொல்லவில்லை. சாமி கோபத்துக்கு டாக்டர் என்ன செய்வார்? வீட்டுப் படத்துக்கு முன்னால் அழுதேன். 'ஒரு தடவை உள்ளே விடு. வேறு ஒன்றும் வேண்டாம்.' இதுதான் என் வேண்டுதல்.

ஒரு சாயங்காலம் வீட்டுக் கக்கூஸ் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

"இங்கயும் நிக்கிறீங்களே, இங்க எந்தச் சாமி உங்கள உள்ள விடமாட்டேங்குது?" என்றாள் பாக்கியம்.

கோபம் வந்தது. பிறகு சிரிப்பு. பிறகு அழுகை. என் வேண்டுதலுக்குப் பதில் அவள் வாயால் வந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளே பேசினாள். "காலைல நல்லா நடக்கிறாரு டாக்டர். சாயங்காலமானா வாசல் வாசலா நிக்கிறாரு."

"இத ஏன் ஐயா முன்னாடியே சொல்லல?" என்றார் அந்த டாக்டரம்மா. "பழைய மாத்திரைய நிறுத்தாதீங்க. அதுக்குத் துணையா இன்னொன்னு தர்றேன். சாப்பிட்டதும் போடுங்க. எந்திரிக்கிறப்ப மெதுவா. தலை சுத்தும்."

சுற்றியது. குமட்டியது. டாக்டரம்மா அளவைக் கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்டினார். போகப் போக சாயங்காலமும் கால் என் சொல்லைக் கேட்டது.

பங்குனி உத்திரத்தன்று கோயிலுக்குப் போனேன். வாசலில் பயந்தேன். பாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள். வலது காலைத் தூக்கினேன். உள்ளே இருந்தேன். தீபாராதனை முடிகிறவரை ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை. சும்மா நின்றேன்.

நோய் போகவில்லை. இப்போதும் சில நாள் கால் நிற்கும். அது நோய்தான், கோபம் இல்லை என்று தெரியும். கொஞ்சம் பொறுத்து நடப்பேன்.

உங்களில் யாருக்காவது உடம்பு ஒத்துழைக்காவிட்டால், சாமி கைவிட்டுவிட்டது என்று வீட்டில் உட்காராதீர்கள். கும்பிடுங்கள். டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். என் முருகன் இரண்டாவது மாத்திரையாக வந்தான். உங்களிடம் எப்படி வருவான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வருவான்.