பச்சைக் கதவில் மூன்று தட்டு

ஒரு தாயை ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு முறையாவது, வாசலுக்கு ஓடி வரவைத்து ஏமாற்றினேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பள்ளியொன்றில் பிரெஞ்சுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் கொட்டாவி விட்டவனைக்கூட முட்டி போடவைத்த உத்தமன் நான்.

புதுச்சேரியின் பழைய வீடுகள் சிலவற்றில், கதவில் இரும்புக் கை ஒன்று உருண்டையைப் பற்றியபடி தொங்கும். வருபவர் அதைத் தூக்கிக் கதவில் தட்ட வேண்டும். தெருப் பிள்ளைகள் நாங்கள் மூன்று முறை தட்டிவிட்டு ஓடி ஒளிவோம். 1954இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியபோது எனக்குப் பதினான்கு வயது. இனி எந்தச் சட்டம், எந்த நாணயம் என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். எந்த வீட்டுக் கதவுக்குச் சத்தம் அதிகம் என்பது என் ஆராய்ச்சி. மீசை அரும்பியதும் கூட்டாளிகளுக்கு அந்தப் புத்தி போய்விட்டது. எனக்கு மீசை மட்டும் வந்தது.

1961இல் பள்ளியிலிருந்து வரும் வழியில் ஒரு பச்சைக் கதவு வீடு. கை தானாக எழும். தட்டிவிட்டு நாலு வீடு தள்ளியிருந்த சந்துக்குள் நுழைந்துகொள்வேன். மற்ற வீடுகளில் திட்டுவார்கள். இந்த வீட்டம்மா தலைமுடியைக்கூட முடியாமல் ஓடிவந்து, தெருவை இருபுறமும் பார்த்துச் சிரிப்பார். "வாடா வெளிய! பாத்துட்டேன், வந்துடு!" என்பார். அம்மாவுக்குக் கிறுக்கு என்று முடிவுகட்டி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். வேடிக்கை அதிகம் என்பதால் அந்தக் கதவையே மறுபடி மறுபடி தட்டினேன்.

ஒருநாள் சந்திலிருந்த இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, இன்னைக்கும் ஆச்சா?"

அசடு வழிந்தேன்.

"அந்தம்மா மவன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா, சிப்பாயி. அல்ஜீரியா சண்டைக்குப் போயி ரெண்டு வருசமாச்சி. சின்னதுல சொந்த வூட்டுக் கதவயே மூணு தட்டு தட்டிட்டு ஒளிஞ்சிக்குவான். அவந்தான் வந்துட்டான்னு அது ஓடியாருது. நீ இங்க நின்னு சிரிக்கிற. உங்கிட்டதான் புள்ளைங்கள அனுப்புறோம்."

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். வெளியே தெரிந்தால் என் மரியாதை என்னாகும் என்பதுதான் அந்த ஒரு வாரச் சிந்தனை. பிறகு போய்த் தட்டினேன், ஓடாமல் நின்றேன். கதவைத் திறந்தவர் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

"யாரு தம்பி வேணும்?"

"இத்தன நாளா தட்டனது நான்தாம்மா."

அவர் என் சலவைச் சட்டையை, செருப்பை, முகத்தைப் பார்த்தார்.

"இம்மாம் பெரிய ஆளா?" என்றார். கதவு சாத்தப்பட்டது.

குளித்து முழுகியவனைப்போல் இலேசாக வீடு திரும்பினேன். பாவம் தீர்ந்துவிட்டதாம்!

அடுத்த ஆண்டு சண்டை ஓய்ந்து மகன் வந்தான். உச்சிவெயிலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பழைய ஆசையில் மூன்று தட்டு தட்டி, சுவரோரம் ஒட்டி நின்றானாம். மாடிச் சன்னலிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் அவன் தலையில் விழுந்தது.

"கண்ணாலம் கட்டுற வயசுல தட்டிட்டு ஓடுறியே, வெக்கமாயில்ல? போடா!"

"யம்மா, உம் மவன்தாம்மா!" என்று இஸ்திரிக்காரர் கத்தியும் அந்த அம்மா நம்பாமல், வெகுநேரம் கழித்தே கதவைத் திறந்திருக்கிறார். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் இஸ்திரிக்காரர்தான்.

"அவன் சிரிச்சான் வாத்தியாரே. அந்தம்மாதான், உன்னயே தொரத்திட்டேனேன்னு படியில குந்திக்கினு அழுவுது."

மூன்று வருடம் அவர் சேர்த்து வைத்திருந்த வரவேற்பு அது. ஆறு மாதம் தட்டித் தட்டி அதை வீணாக்கியவன் நான். ஒப்புக்கொள்கிறேன் என்று போய், மிச்சத்தையும் கெடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அந்த வாரமே அந்த அம்மா இரும்புக் கையைக் கழற்றச் சொல்லிவிட்டார். பச்சைக் கதவில் இரண்டு துளைகள் மிஞ்சின. அதன் பிறகும் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும், அந்தத் துளைகளுக்கு நேரே வரும்போது, என் கை எழுந்தது.