தாடைக்கும் ஒரு மூட்டு இருக்குங்க

பிசியோதெரபி தொழில்ல ஊசி கிடையாது, அதனால எங்களைப் பார்த்து யாரும் ஓட மாட்டாங்க. முழங்கால் வலிச்சாலொழிய எங்களை நினைக்கவும் மாட்டாங்க. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அலையுற ஜனங்களே, உங்களுக்குத்தான் சொல்றேன்.

ஆசைப்பட்டுக் கேட்ட கேள்வி

ஒரு பல் மருத்துவக் கல்லூரியில பேசக் கூப்பிட்டாங்க. கடைசி வருஷப் பிள்ளைங்க. "மாசக்கணக்கா முகம் வலிக்குது, பல்லுல குறையில்லை. யார்கிட்ட அனுப்புவீங்க?"ன்னு கேட்டேன். நரம்பு டாக்டர், காது டாக்டர்னு பதில் வந்துச்சு. ஒருத்தர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே அனுப்பிட்டார். முதல் வரிசையில சமீமான்னு ஒரு பொண்ணு கையைத் தூக்கினா. அப்பாடா, ஒருத்தியாவது என்னைச் சொல்லப்போறாளேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

"மேடம், நீங்க முழங்காலுக்குத்தானே? எங்க வாப்பாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"

பேப்பர் கொடுத்த பாவி

நான் மட்டும் என்ன ஒழுங்கு? கோட்டுச்சேரிமேட்டுல மீன் ஏலம் விடுற செல்வம், மனைவி மலரோட முழங்காலுக்காகத் தருமபுரத்துல என் கிளினிக்குக்கு மூணு வாரமா வந்தார். மலருக்குப் பயிற்சி கொடுத்தேன். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவருக்குப் படிக்கப் பேப்பர் கொடுத்தேன். நாலாவது வாரம்தான் எனக்கு உறைச்சுது. வாயைத் திறக்கச் சொன்னா ரெண்டு விரல்கூட நுழையலை. குரல் கொடுக்க முடியாம ஏலத்தையே மச்சான்கிட்ட விட்டிருந்தார். ரெண்டு பல்லை எடுத்தாச்சு, மூணாவதுக்குத் திங்கள்கிழமை நாள் குறிச்சாச்சு.

"வலி போகும்னு பிடுங்கினேங்க. பல்லுதான் போச்சு."

காதுக்கு முன்னால ரெண்டு விரல்

நல்லவேளை, சமீமா வாப்பாவோட வந்து நின்னதும் அன்னிக்குத்தான். செல்வத்தோட காதுக்கு முன்னால அவளை விரல் வைக்கச் சொன்னேன். அவர் வாயைத் திறந்ததும் உள்ளே 'டக்'னு ஒரு சத்தம். பல்லைத் தட்டிப் பார்த்தா, வலியில்லை. கன்னத் தசையை அழுத்தினா, மனுஷன் நாற்காலியை விட்டே எழுந்துட்டார். மறுநாளே சமீமா அவரைத் தன் பேராசிரியர்கிட்ட கூட்டிட்டுப் போனா. பல்லு நல்லாத்தான் இருக்கு, கோளாறு தாடை மூட்டுலதான்னு அவர் சொல்லி, திங்கள்கிழமை ரத்தாச்சு. 'தாடைப் பயிற்சி தேவை'ன்னு எனக்கு ஒரு சீட்டும் வந்துச்சு. அதைக் கொண்டுவந்து கொடுத்தப்ப சமீமா சொன்னா:

"பரீட்சையில அந்த மூட்டோட படத்தை வரைஞ்சு பாஸ் பண்ணினவ நான், மேடம். தொட்டுப் பார்த்ததே நேத்துத்தான்."

ஆறு வாரம் கழிச்சு

சூடான துணி ஒத்தடம், நாக்கை மேலண்ணத்துல வெச்சுக்கிட்டு மெல்ல வாய் திறக்கிற பயிற்சி. அப்புறம் ஒருநாள் மீன் ஏலம் நடக்குற கரைக்கு வரச்சொல்லி செல்வமும் மலரும் கூப்பிட்டாங்க. நானும் சமீமாவும் போனோம். வஞ்சிரக் கூடைக்கு முன்னால நின்னு செல்வம் விட்ட குரல்ல எனக்குக் கண் கலங்கிடுச்சு. பக்கத்துல மலரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"ஆறு மாசமா வீடு அமைதியா இருந்துச்சுங்க. பரவாயில்லை, கத்தட்டும்."

இப்போ அந்தக் கல்லூரியிலேர்ந்து தாடைங்க வரிசையா வருது, சமீமாவோட வாப்பா முழங்காலைத்தான் இன்னும் என்னால மடக்க முடியலை.