அவள் பார்க்க ஒரு சண்டை

எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அதனால், காது கேட்காத பிள்ளையைப் பெற்ற தாய் தகப்பன்மார் என்னைத் தேடி வருவார்கள். சைகை மொழி கற்றுக்கொள்ள வந்ததாகச் சொல்வார்கள். பாதிப் பேர் என்னைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். தங்கள் பிள்ளை வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் ஒரு மாதிரி. வேலைக்குப் போகிறாளா, தனியாக ரோட்டைக் கடக்கிறாளா என்று நோட்டம் விடுவார்கள். நானும் அவர்களை நோட்டம் விடுவேன். காது கேட்கிற மனிதர்கள் எனக்குத் தீராத வேடிக்கை.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியும் அவன் மனைவியும் அப்படி வந்தவர்கள்தான். ஒரே மகள், ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போவேன். சாப்பிடு, குளி, தூங்கு, தொடாதே எல்லாம் இரண்டு பேருக்கும் சீக்கிரம் வந்துவிட்டது. கையில் வராத பேச்சை என்னிடம் போனில் தட்டிக் காட்டுவார்கள், அதுவும் சுத்தத் திருநெல்வேலிப் பேச்சாக.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். தாய் மகளைப் பற்றிப் பெருமையாகத் தட்டிக் காட்டினாள்: "இப்ப ரொம்பச் சமத்தாயிட்டாக்கா. முன்னாடி எதப் பாத்தாலும் என்ன, ஏன்னு கேட்டு உசுர வாங்குவா. இப்ப ஒண்ணும் கேக்கதில்ல."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பன் ஏதோ சொன்னான். தாய் கரண்டியை நிறுத்திப் பதில் சொன்னாள். அவன் மறுத்துத் தலையாட்ட, அவள் சிரித்துவிட்டாள். பிள்ளை அந்த வாயைப் பார்த்தாள், இந்த வாயைப் பார்த்தாள். காதில் மெஷின் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து அவளிடமே பேசினால் கொஞ்சம் பிடிபடும். இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வது பிடிபடாது. பிறகு தலையைக் குனிந்து அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்தாள்.

அவன் என்ன சொன்னான் என்று தாயிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். "ஒண்ணுமில்லாததுக்கா சிரிச்ச?" என்று தட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் எனக்குக் கிடைத்த பதில் அதுதான். ஒண்ணுமில்ல. இல்லாவிட்டால், அப்புறம் சொல்லுதேன். அந்த அப்புறம் வந்ததே இல்லை. ஒருநாள் குடும்பத்தோடு பாபநாசம் போனோம். குளிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று நான் தண்ணீரில் ஒரே ஆட்டம் போட்டேன். அத்தை முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கென்று புரியவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியும் சித்தப்பாவை மட்டும் காணோமே என்று வீடு திரும்பியும் தேடினேன். அவர் வெளியூரில் இறந்துபோனதும், நாங்கள் போனது அவருடைய காரியத்துக்கு என்பதும் நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. யாரும் மறைக்கவில்லை. எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் கேள்வி கேட்பதை அதற்கு முன்பே விட்டிருந்தேன். என்னையும் சமத்து என்றுதான் சொன்னார்கள்.

இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். கூடவே, எனக்கு நெடுநாளாக இருந்த ஒரு சந்தேகத்தையும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளுடைய அத்தை ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட கதையை முன்பு எனக்குச் சொல்லியிருந்தாள். அது நடந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அவளுக்கு யார் சொன்னது?

யோசித்தாள். "யாரும் சொல்லலக்கா. வீட்ல பேசுவாங்க, காதுல விழும்."

விழுமாம். இன்றைக்கும் எனக்கு அது அதிசயமாகத்தான் இருக்கிறது. யாரும் கொடுக்காமல், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே சேதி வந்து விழுகிறது. எனக்கு ஒன்றும் விழுந்ததில்லை. எல்லாம் யாராவது எடுத்துக் கொடுத்ததுதான். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்த வீட்டில் சுவருக்குக் கிடைத்தது பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

பிறகு, எதற்குச் சிரித்தாள் என்று விசாரித்தேன். அவனுடைய தங்கை மகனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை. வேனில் போவோம் என்கிறான் அவன். ரயிலில் போவோம் என்கிறாள் அவள்.

"இதே சண்டைய கையால போடுங்க. அவ பாக்கட்டும்" என்றேன்.

"சண்டைக்குமாக்கா பாடம்?" என்றான் தம்பி.

சண்டைக்குத்தான் பாடம் தேவைப்பட்டது. சாப்பிடு, தூங்கு, தொடாதே என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட முடியும்? அவளுக்கு முதலில் வேண்டியிருந்தது 'ஒங்க தங்கச்சி'. அடுத்தது 'போன தடவையும் இப்படித்தான்'. இரண்டையும் காட்டிய உடனே பிடித்துக்கொண்டாள். அவன் கூச்சப்பட்டான். பட்டறைச் சத்தத்தில் ஆட்களோடு நாள் முழுக்கக் கையால் பேசுகிறவனுக்கு, பெண்டாட்டி முன்னால் கை எழவில்லை. அவள் 'ஒங்க தங்கச்சி'யை இரண்டாம் தடவை சொன்னதும் எழுந்துவிட்டது.

பிள்ளை அப்பளத்தை விட்டுவிட்டாள். கையில் சோறு காய, வாயைத் திறந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் பார்த்தாளே தவிர, என்ன என்றுகூடக் கேட்கவில்லை. காலம் கடந்துவிட்டதோ என்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள்தான் விடவில்லை. கரண்டு பில், பக்கத்து வீட்டுக்காரர், சாம்பாரில் உப்பு என்று எல்லாவற்றுக்கும் கையால் மல்லுக்கட்டினார்கள். ரகசியம் என்றால் அடுக்களைக்குள் போய் வாயால் பேசிக்கொள்ள அனுமதித்திருந்தேன்.

திருச்செந்தூர் மொட்டையெல்லாம் முடிந்தது. ரயிலில்தான் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு நான் படியேறும்போது பிள்ளை வாசலிலேயே வழிமறித்தாள். கை படபடவென்று ஓடியது.

"பெரியம்மா, நீங்க வர்றதுக்குள்ள சாப்ட்ருவோம், இல்லன்னா சோத்துலயும் பாடம் நடத்துவாங்கன்னு அப்பா அம்மாட்ட சொன்னாங்க. ஏன்?"

உள்ளே தகப்பன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் கையால் பேசிக்கொண்டதை அவளாகவே பிடித்திருக்கிறாள், பிடித்ததோடு ஏன் என்றும் கேட்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க ஓடி வந்தான்.

"என்ட்ட என்னடே. அவதான கேட்டா, அவளுக்குப் பதில் சொல்லு" என்றேன்.

பழக்கதோஷத்தில் அவன் கை 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்து, என்னைச் சுட்டிக் காட்டி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். நான் இல்லாதபோது அந்த வீட்டில் என்னைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறார்கள் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.