ஆறு முறை எழுதிய மஞ்சள் சீட்டு

போன மாதம் ஒரு மதியம் மாரியம்மாளிடமிருந்து போன். எங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் பேக்கிங் சூப்பர்வைசர்.

“தம்பி... புஸ்வாணத்தக் கையில புடிச்சுக் கொளுத்தணும்னு லேபிள்ல போட்டிருக்கீக. தெரிஞ்சுதான் போட்டீகளா?”

அவசரமாக ஃபைலைத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

திருத்தங்கலில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஆறு பேர். பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிள் வாசகங்களை பிரஸ்ஸுக்கு அனுப்புவது எங்கள் சாஃப்ட்வேர்தான். கடைசி நேரத்தில் டிசைனை மாற்றினோம். கம்பி மத்தாப்புக்கான வாசகம் புஸ்வாணத்தின் மேல் ஏறிவிட்டது!

பைக்கில் பறந்தேன். அதற்குள் ஒரு லோடு கிளம்பியிருந்தது. விருதுநகர் லாரி ஷெட்டுக்கு போன் போட்டு, “வண்டிய எடுக்காதீங்க” என்று கெஞ்சி நிறுத்தினேன். பெட்டிகள் திரும்பி வந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து லேபிளைக் கிழித்தோம்.

மாரியம்மாள் திட்டவில்லை. “எங்க வீட்டுப் பிள்ளைக இத வாசிச்சுப் பாத்துத்தான் கொளுத்துதுக” என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நாங்கள் ‘அஜைல்’ டீம், அதாவது அடிக்கடி நின்று தவறைத் திருத்திக்கொண்டே வேலை செய்யும் டீம். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ‘ரெட்ரோ’ மீட்டிங் உண்டு. எது நன்றாக நடந்தது, எதை மாற்ற வேண்டும் என்று ஆளுக்கொரு மஞ்சள் சீட்டில் எழுதி போர்டில் ஒட்டுவோம். நான் போட்டோ எடுத்து டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன்.

பழைய போட்டோக்களைப் புரட்டினேன். சாஃப்ட்வேரில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் எங்கள் டெஸ்டர் சபியாவின் கையெழுத்து. ‘கடைசி நேர மாற்றத்தையும் சரிபார்க்க ஒரு மணி நேரம் வேண்டும்.’ ஆறு மீட்டிங்கிலும் அதே சீட்டு. ஆறு போட்டோவுக்கும் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தோம். டீம் லீடர் என்ற முறையில் முதல் கட்டைவிரல் என்னுடையது!

அடுத்த வெள்ளிக்கிழமை சபியா எதுவுமே எழுதவில்லை.

“ஏம்மா?”

“எழுதி என்ன சார் ஆகப்போகுது? நீங்க போட்டோ எடுப்பீக. லைக் போடுவீக. அம்புட்டுத்தானே?”

கோபம் வந்தது. என் மேல்தான் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் முதலில் அவள் மேல்தான் வந்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் இடம் மாறியது.

அன்று வேறெதுவும் பேசவில்லை. சபியா சரிபார்த்து ஓகே கொடுக்காமல் எந்த லேபிளும் பிரஸ்ஸுக்குப் போகாதபடி, மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே சாஃப்ட்வேரை மாற்றினோம். நாற்பது நிமிடம் ஆனது. நாற்பதே நிமிடம்! இதைச் செய்யாமல்தான் மூன்று மாதமாக சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். குறையைச் சொல்ல ஒரு மீட்டிங் வைத்துவிட்டால், குறையே தீர்ந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அது எவ்வளவு ஆபத்தான நிம்மதி!

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு அவசர ஆர்டர். அனுப்பும் பட்டனை அழுத்தினேன். ஸ்கிரீன் மறுத்தது.

“சபியா, சட்டுனு ஓகே போட்டுரும்மா. லோடு நிக்குது.”

“ஒரு மணி நேரம் ஆகும் சார்.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொறுமையாகக் காத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் முடியாது என்றாள்.

டீம் முன்னேறிவிட்டது... இனி நான்தான் பாக்கி!